பழைய வீடு பூட்டித்தான் இருக்கு

கீரை, மாடு, மழை, ஏரித் தண்ணி எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு இந்தத் தடவை கம்ப்யூட்டரைப் பத்தி எழுதப்போறேன். சிரிக்காதீங்க. பருத்திப்பட்டுல எண்பது சென்ட்ல கீரை போடுற ஆளுக்கு டொமைன், ப்ரொஃபைல் எல்லாம் எதுக்குன்னு நீங்க கேட்கலாம். 2024 ஆகஸ்ட் வரைக்கும் எனக்கும் அந்த வார்த்தைங்க தேவைப்படல. அதுக்கப்புறம் நாலு நாள் அந்த வார்த்தைங்களைத் தவிர வேற எதுவும் காதுல விழல.

முதல்ல எங்க சங்கத்தைப் பத்திச் சொல்லணும். ஆவடி-பூந்தமல்லி ரோட்டுல வர்றவங்க எங்க ஊரைப் பார்த்திருப்பீங்க. ஏரியைச் சுத்தி நடைபாதை போட்டு 2019-ல பசுமைப் பூங்காவாத் திறந்தாங்க. காலையில நடக்குறவங்க கூட்டம் அங்க நிறைய. அந்த வருஷமேதான் ஆவடி மாநகராட்சியும் ஆச்சு. ஆனாலும் கூவம் ஓரத்துலயும் அடுக்குமாடிங்களுக்கு நடுவுலயும் இன்னும் கொஞ்சம் கழனி மிச்சம் இருக்கு. சிறுகீரை, முளைக்கீரை, அரைக்கீரை, கொஞ்சம் வெண்டை, கத்தரி. நவரைப் பட்டத்துல நெல்லு வைக்கிறவங்க விரல் விட்டு எண்ணுற அளவுக்கு இருக்காங்க. இப்படி அக்கம்பக்கத்து ஆளுங்க முப்பத்தஞ்சு பேர் சேர்ந்து ஒரு குழு வெச்சிருக்கோம். எங்க சரக்கை எடுக்கிற ஒரு பெரிய நிறுவனம் அவங்க கட்டடத்துல ஒரு ரூம் கொடுத்திருக்காங்க. ரூம் அவங்களோடது, கம்ப்யூட்டர் எங்களோடது. 2018 கடைசியில ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கினோம்.

அந்தக் கம்ப்யூட்டரை ஆண்டது எங்க பெரியண்ணன். டேங்க் ஃபேக்டரியில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். டைப்ரைட்டிங் முறையா படிச்சவர். 2009-லேருந்து வீட்டு மாடியில ஒரு மழைமானி வெச்சு, மழை பெய்ஞ்ச ஒவ்வொரு நாளும் காலையில எட்டரை மணிக்கு எத்தனை மில்லிமீட்டர்னு நோட்டுல எழுதுவார். கம்ப்யூட்டர் வந்ததும் பழைய நோட்டு எல்லாத்தையும் ஒரு வருஷம் உட்கார்ந்து ஏத்தினார். வெறும் நம்பர் மட்டும் இல்ல. "கலங்கல் ஓடியது", "மேற்குக் கால்வாய் அடைப்பு, தண்ணீர் தெருவில்", "நாற்று அழுகல்" அப்படின்னு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி இருக்கும். 2021 மே மாசம் கொரோனா ரெண்டாவது அலையில அவர் போயிட்டார். அதுக்கப்புறம் அந்தக் கணக்கை நான் எழுதிட்டு வர்றேன். நோட்டுங்க முக்கால்வாசி 2015 வெள்ளத்துல நனைஞ்சு ஒட்டிப் போச்சு. ஒட்டினதைப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் அண்ணன் ஏத்தினார். அதனால கம்ப்யூட்டர்ல இருக்கிறதுதான் அசல்.

2024 ஆகஸ்ட் மாசம் அந்தக் கணக்கு எங்களுக்கு அவசரமாத் தேவைப்பட்டுது. வரத்துக் கால்வாயைத் தூர் வாரச் சொல்லி, கலெக்டர் ஆபீஸ்ல நடக்குற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல மனு கொடுக்கலாம்னு குழுவுல முடிவு பண்ணியிருந்தோம். சும்மா வாயால "தண்ணி நிக்குது சார்"னு சொன்னா எத்தனையோ மனுவுல ஒண்ணாப் போயிடும். எந்த வருஷம், எந்தத் தேதி, எத்தனை மில்லிமீட்டருக்கு எந்த இடத்துல தண்ணி ஏறுச்சுன்னு அண்ணன் எழுதினதையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல மூழ்கின கழனி போட்டோக்களையும் சேர்த்து வெச்சாத்தான் பேச்சுக்கு எடை வரும். கூட்டம் அடுத்த வாரம்.

அந்த வியாழக்கிழமை, ரூம் கொடுத்த நிறுவனத்துலேருந்து ஒரு பையன் வந்தார். கட்டடத்துல இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே நெட்வொர்க்ல சேர்க்கணும்னு மேலிடத்து உத்தரவாம். பிரிண்டரும் இன்டர்நெட்டும் அவங்களோடது, அதனால எங்க மெஷினையும் சேர்த்தாகணும்னார். அரைமணி நேரம் எதையோ தட்டினார், ரெண்டு தடவை அணைச்சுப் போட்டார். ஒரு சீட்டுல புதுப் பேரும் பாஸ்வேர்டும் எழுதிக் கொடுத்துட்டு, "இனிமே இதுலதான் உள்ள போகணும் ஐயா"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார்.

உள்ள போனேன். கடையிலேருந்து வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி இருந்துச்சு. நீல ஸ்கிரீன், ஒரு குப்பைத் தொட்டி படம், அவ்வளவுதான். மழைக் கணக்கு இல்ல. போட்டோ இல்ல. உறுப்பினர்களோட பட்டா நகல், விதைக் கடன் கணக்கு, ரசீது மாதிரி, எதுவும் இல்ல. டாக்குமெண்ட்ஸைத் திறந்தா காலி. போன் போட்டுக் கேட்டா அந்தப் பையன், "பழைய யூசர்ல இருந்தது போயிருக்கலாம் ஐயா, நாளைக்கு வந்து ஃபார்மட் பண்ணி நல்லாப் போட்டுத் தர்றேன்"னார். நல்ல மனசோடதான் சொன்னார். ஆனா அந்த வார்த்தை எனக்கு, வரப்பு சரியில்லன்னா ஏர் ஓட்டிடலாம்னு சொல்ற மாதிரி கேட்டுச்சு.

என் தம்பி மகள் அம்பத்தூர்ல ஒரு கம்பெனியில இதே வேலைதான் பார்க்குது. ராத்திரி அதுக்குப் போன் போட்டேன். நான் முழுசா சொல்லி முடிக்கிறதுக்குள்ள, "பெரியப்பா, டொமைன்ல சேர்த்துட்டாங்களா? அப்போ எதுவும் போகல. எல்லாம் அங்கேயேதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் யாரையும் தொட விடாதீங்க. ஃபார்மட்னு எவனாவது வந்தா ரூமைப் பூட்டிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிடுங்க"ன்னுச்சு. வெள்ளி, சனி ரெண்டு நாளும் சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை அது வந்து, வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடி எனக்குப் புரியுற மாதிரி சொல்லுச்சு. அதை நான் புரிஞ்சுக்கிட்டபடி எழுதுறேன்.

விண்டோஸ் கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வீடு உண்டு. சி டிரைவுல யூசர்ஸ்னு ஒரு தெரு. அதுல ஆள் பேர்ல ஒரு ஃபோல்டர். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அந்த வீட்டோட அறைங்க. கண்ணுக்குத் தெரியாத ஒரு உள்ளறையும் உண்டு, அதுக்குப் பேர் ஆப்டேட்டா. நாம பண்ணி வெச்ச செட்டிங்ஸ் முக்கால்வாசி அங்கதான் குடியிருக்கு. டொமைன்ல சேர்க்கிறதுன்னா, யார் உள்ள வரலாம், யார் வரக்கூடாதுன்னு தீர்மானிக்கிற அதிகாரம் நம்ம மெஷின்லேருந்து நிறுவனத்தோட சர்வருக்கும் போகுது. விண்டோஸ் 2000 வந்தப்போ ஆக்டிவ் டைரக்டரின்னு ஒண்ணு கூட வந்துச்சு. இன்னைக்குப் பெரிய ஆபீஸ்கள்ல இந்த வேலையைப் பார்க்கிறது பெரும்பாலும் அதுதான். அந்த சர்வர் கொடுத்த புதுப் பேர்ல நாம உள்ள போனா, கம்ப்யூட்டர் நம்மைப் புது ஆளாத்தான் பார்க்கும். புது ஆளுக்குப் புது வீடு கட்டிக் கொடுக்கும். பழைய வீட்டை இடிக்காது. பூட்டி வெச்சிருக்கும், அவ்வளவுதான்.

"ரெண்டு இடத்துலயும் அதே பேரை வெச்சா?"ன்னு கேட்டேன்.

"பேர் முக்கியமே இல்ல பெரியப்பா. ஒவ்வொரு கணக்குக்கும் உள்ள ஒரு நீள நம்பர் இருக்கு, எஸ்.ஐ.டி.ன்னு சொல்வாங்க. கம்ப்யூட்டர் அந்த நம்பரைத்தான் பார்க்கும். அதே பேர்ல வந்தாக்கூட நம்பர் வேறன்னா வேற ஆள். அந்தப் பேர்ல ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தா, புது ஃபோல்டர் பேருக்குப் பின்னாடி ஒரு புள்ளி வெச்சு டொமைன் பேரையும் ஒட்டிடும்."

இது எனக்கு டக்குனு பிடிபட்டுச்சு. பட்டாவுல பார்க்காத விஷயமா இது? ஒரே பேர்ல ரெண்டு பேர் இருப்பாங்க. நிலத்தைக் காட்டிக் கொடுக்கிறது சர்வே நம்பரும் உட்பிரிவும்தான். தமிழ்நாட்டுல 1979-ல தொடங்கி 1987 வரைக்கும் யு.டி.ஆர்.னு நில ஆவணம் எல்லாத்தையும் புதுசாப் பதிஞ்சாங்க. ஊர் நகரமாச்சுன்னா டவுன் சர்வேன்னு வார்டு, பிளாக், புது நம்பர் வரும். நம்பர் மாறிடுச்சுன்னா நிலம் எங்கேயும் ஓடிப் போறதில்ல. பழைய நம்பருக்குப் புது நம்பர் எதுன்னு காட்டுற ஒப்பீட்டுப் பட்டியல்தான் வேணும். அது கையில இல்லாதவன் தன் நிலத்துலேயே நின்னுக்கிட்டு என் நிலம் எங்கேன்னு தேடுவான். அந்த நாலு நாள் என் நிலைமை அதுதான்.

அப்புறம் வேலை தொடங்குச்சு. உள்ள நுழையுற திரையில வேற யூசர்னு ஒரு இடம் இருக்கு. அதை அமுக்கி, பேர் போடுற இடத்துல முதல்ல ஒரு புள்ளி, அடுத்து பின்பக்கமா சாய்ஞ்ச ஒரு கோடு, அதுக்கப்புறம் பழைய பேர். அந்தப் புள்ளிக்கு அர்த்தம், "சர்வரைக் கேட்காதே, இந்த மெஷினையே கேளு". பாஸ்வேர்ட் அண்ணன் வெச்சதுதான். எங்க வீட்ல அப்போ இருந்த ஒரு காளையோட பேரும் அது பிறந்த வருஷமும்.

எண்டர் தட்டுச்சு. ஒரு சுத்து சுத்திட்டு ஸ்கிரீன் வந்துச்சு. 2015-ல கலங்கல் வழியாத் தண்ணி ஓடுறப்போ அண்ணன் எடுத்த போட்டோ. அதுமேல அவர் அடுக்கி வெச்ச ஃபோல்டருங்க, வருஷ வரிசையில, அப்படியே. நான் ஒண்ணும் பேசல. அதுவும் பேசல. வெளியில போய் டீ வாங்கிட்டு வந்தேன்.

டீ குடிச்சப்புறம் அது செஞ்ச வேலையில ஒரு வரிசை இருந்துச்சு. உங்கள்ல யாருக்காவது உதவும்னு எழுதுறேன்.

முதல்ல பிரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டுங்க. குரோம் மாதிரி பிரவுசருங்க அதையெல்லாம் அந்த ஆளோட பூட்டைப் போட்டுத்தான் பூட்டி வைக்கும். ஃபோல்டரைத் தூக்கிப் புது வீட்ல வெச்சா திறக்காது. அதனால பழைய ஆளா உள்ள இருக்கும்போதே பிரவுசர் வழியா வெளியில எடுத்துடணும். புது இடத்துல ஏத்தினதும் அந்த ஃபைலை அழிச்சுடணும், ஏன்னா அது பூட்டு இல்லாத பெட்டி. இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. பழைய பாஸ்வேர்ட் மறந்து போச்சுன்னு அட்மின் ஒருத்தர் அதை வலுக்கட்டாயமா மாத்தி உள்ள போனா, சாதாரண ஃபைல் எல்லாம் கிடைக்கும், இப்படிப் பூட்டி வெச்சது கிடைக்காது.

ரெண்டாவது, எல்லா ஃபோல்டரையும் டி டிரைவுல ஒரு பொது இடத்துக்கும், வெளியில சொருகுற ஒரு ஹார்ட் டிஸ்குக்கும் காப்பி. "காப்பி மட்டும்தான், கட் பண்ணக் கூடாது"ன்னு ரெண்டு தடவை சொல்லுச்சு. ஒரே டிரைவுக்குள்ள கட் பண்ணி நகர்த்தினா ஃபைல் தன்னோட பழைய உரிமைச் சீட்டைக் கையிலேயே வெச்சுக்கிட்டுப் போகும், புது ஆளுக்கு அது திறக்காமப் போகலாம். காப்பி பண்ணினா, போய்ச் சேர்ற இடத்தோட உரிமை கிடைச்சுடும். நாத்தை வேரோட புடுங்குறதுக்கும் விதையெடுத்துப் போடுறதுக்கும் இருக்கிற வித்தியாசம்னு வெச்சுக்கங்க.

மூணாவது, புதுப் பேர்ல உள்ள போய் ஒவ்வொண்ணையும் அதது இடத்துல வைக்கிறது. டெஸ்க்டாப்ல இருந்தது டெஸ்க்டாப்புக்கு, டாக்குமெண்ட்ஸ் டாக்குமெண்ட்ஸுக்கு. ஆப்டேட்டாவை மொத்தமா அள்ளிக் கொட்டக் கூடாது. தேவையானதை மட்டும் பார்த்துப் பொறுக்கணும். ரசீது மாதிரியை அங்கிருந்துதான் எடுத்துச்சு.

இவ்வளவும் முடிச்சு மழைக் கணக்கைத் திறந்தா, நம்பர் எல்லாம் சரியா இருக்கு. பக்கத்துல அண்ணன் எழுதின வரிங்க மட்டும் இங்கிலீஷ் எழுத்தும் கோடும் குறியுமா, பைத்தியம் எழுதின மாதிரி இருக்கு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அது சிரிச்சுச்சு. "பெரியவர் என்ன ஃபாண்ட்ல அடிச்சார்?" அண்ணன் டைப்ரைட்டிங் ஆளு, வானவில் ஃபாண்ட்லதான் அடிப்பார். யூனிகோடு வர்றதுக்கு முன்னாடி பழகின கை. அந்த மாதிரிப் பழைய ஃபாண்ட்ல உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துக்கான எண்தான். மேல போட்ட சட்டைதான் தமிழ். ஃபாண்ட் இல்லன்னா சட்டை கழண்டுடும். சரி, ஃபாண்ட் எங்க போச்சு? 2018 கடைசியில வந்த விண்டோஸ் 10 பதிப்புலேருந்து, ஃபாண்ட் ஃபைலை வெறுமனே இன்ஸ்டால்னு கொடுத்தா, எந்த ஆள் போட்டாரோ அவர் வீட்டுக்குள்ள மட்டும் போய் உட்காரும். எல்லாருக்கும்னு தனியாச் சொன்னாத்தான் ஊருக்குப் பொதுவாகும். எங்க மெஷின் அதுக்கப்புறம் வாங்கினது. பழைய வீட்டோட ஆப்டேட்டாவுலேருந்து அந்த ஃபாண்டை எடுத்து, எல்லா யூசருக்கும்னு போட்டுச்சு. ஒரு நொடியில வரிங்க எல்லாம் தமிழாச்சு. "கலங்கல் ஓடியது."

நான் தமிழ் அடிக்கிறது எ-கலப்பையில. பேரே நம்ம பேர். அதுவும் புது வீட்ல பழைய பழக்கத்தை மறந்திருந்துச்சு. எந்த விசைப்பலகைன்னு மறுபடியும் சொல்லிக் கொடுத்தோம். அஞ்சு நிமிஷ வேலை.

இதுக்குன்னு கருவிங்களும் இருக்காம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல ஃபைலையும் செட்டிங்ஸையும் மாத்துறதுக்குன்னே ஒரு உதவியாளர் கூடவே வந்துச்சு. அப்புறம் ஈஸி டிரான்ஸ்ஃபர்னு பேர் மாறி, விண்டோஸ் 10-ல அதையும் நிறுத்திட்டாங்க. பெரிய ஆபீஸ்கள்ல யு.எஸ்.எம்.டி.ன்னு மைக்ரோசாஃப்டோட கருவி வெச்சு ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான மெஷின்ல பண்ணுவாங்களாம். ஒரு பக்கம் அள்ளும், மறுபக்கம் இறக்கும். பழைய வீட்டையே புது ஆள் பேருக்குப் பட்டா மாத்திக் கொடுக்கிற கருவியும் உண்டாம். "எட்டு ஃபோல்டருக்கு அதெல்லாம் வேண்டாம் பெரியப்பா, அது மாட்டு வண்டிச் சரக்குக்கு லாரி பிடிக்கிற மாதிரி"ன்னு சொல்லிடுச்சு.

கிளம்புறப்போ அது சொன்ன ஒரு விஷயம்தான் என்னைத் தூங்க விடல. டொமைன்ல இருக்கிற மெஷின்ல, இத்தனை நாளா யாரும் நுழையாத ப்ரொஃபைலைத் தானா அழிச்சுடுன்னு மேலிருந்து ஒரு கொள்கை போட முடியுமாம். இடத்தை மிச்சப்படுத்த அப்படிப் போடுற ஆபீஸும் உண்டாம். அதாவது, பூட்டின வீடுதானேன்னு நாம சும்மா இருந்தா, ஒரு நாள் கம்ப்யூட்டரைப் போடும்போது அது இல்லாமலே போகலாம். இன்னொண்ணு, மெஷின் டொமைன்ல சேர்ந்ததுமே டொமைன் அட்மின்கள் நம்ம மெஷினுக்கும் அட்மின் ஆயிடுவாங்க. எங்க முப்பத்தஞ்சு பேரோட பட்டா நகலும் கடன் கணக்கும் இருக்கிற பெட்டிக்கு இன்னொருத்தர்கிட்டேயும் சாவி இருக்கு. அவங்க நல்லவங்கதான். ஆனாலும் சாவி சாவிதானே.

இதைக் குழுக் கூட்டத்துல வெச்சேன். ஒருத்தர் விடாம எல்லாரும் பேசினாங்க. கடைசியில, அந்த மெஷின்ல சரக்குக் கணக்கு மட்டும் இருக்கட்டும், உறுப்பினர் ஆவணமும் மழைக் கணக்கும் எங்க சொந்த லேப்டாப்புக்கு வந்துடணும்னு முடிவாச்சு. அந்த நிறுவனத்துலயும் போய்ப் பேசினோம். பழைய ப்ரொஃபைலை மூணு மாசம் தொடமாட்டோம்னு ஒத்துக்கிட்டாங்க. அவங்க பையனும் வந்து, அடுத்த தடவை எங்கேயாவது சேர்க்கிறதுக்கு முன்னாடி காப்பி எடுத்துட்டுத்தான் தொடுவேன்னு சொல்லிட்டுப் போனார்.

இது எங்களோட மட்டும் நிக்கப்போற விஷயம் இல்ல. 2022-ல மத்திய அரசு நாடு முழுக்க 63,000 தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கம்ப்யூட்டருக்கு மாத்த ஒப்புதல் கொடுத்துச்சு. கிராமத்துல ஒரே ஒரு பழைய மெஷினை வெச்சு ஓட்டிட்டிருக்கிற சின்னச் சின்ன ஆபீஸ் எல்லாம் ஏதாவது ஒரு பெரிய வலையில சேரத்தான் போகுது. சேரட்டும், நல்லதுதான். ஆனா அந்த மெஷின் ஒவ்வொண்ணுலயும் எங்க அண்ணன் மாதிரி யாரோ ஒருத்தர் யாரும் கேட்காமலே எழுதி வெச்ச கணக்கு ஒண்ணு இருக்கும். அது எந்த மேலிடத்துப் பட்டியல்லயும் இருக்காது.

அதனால நகரத்துல இந்த வேலை பார்க்கிற பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ சொசைட்டி, பள்ளிக்கூடம், நூலகம்னு எங்கேயாவது எட்டிப் பாருங்க. "புதுப் பேர் கொடுத்தாங்க, எல்லாம் போச்சு"ன்னு யாராவது சொன்னா, யூசர்ஸ் தெருவுல எத்தனை வீடு இருக்குன்னு எண்ணிப் பாருங்க. ரெண்டு வீடு இருந்தா, அரை நாள் வேலை. உங்களுக்கு அது அரை நாள், அவங்களுக்கு அது பத்து வருஷம்.

மனுவை அந்தக் கூட்டத்துலயே கொடுத்தோம். பதினஞ்சு வருஷ மழைக் கணக்கைப் பிரிண்ட் போட்டு இணைச்சோம். எங்க மனுவை வாங்கினவர் நாலஞ்சு பக்கம் புரட்டினார், அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனார். அக்டோபர்ல கால்வாயோட ஒரு பகுதிக்கு மண்வாரி எந்திரம் வந்துச்சு. மிச்சப் பகுதி பாக்கி. அதுக்கு இந்த வருஷக் கணக்கையும் சேர்த்து மறுபடியும் போகணும்.